சீனாவின் செங்டுவில் இருக்கும் பழைய மாணவியின் வீட்டுக்குப் போகிறோம், தங்குவது அவர்கள் வீட்டிலா ஹோட்டலிலா?

மல்லிப்பந்தல்
மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்த ஒரு சீனப் பெண் ஒரு பள்ளி ஆண்டு முழுக்க எங்களோடு தங்கிப் படித்தாள். இப்போது செங்டுவில் வேலை பார்க்கிறாள், அப்பா, அம்மா, பள்ளிக் கடைசி வருடம் படிக்கும் தம்பி எல்லாரும் அங்கேதான். வரும் ஜூன் முதல் வாரம் நானும் கணவரும் போகலாம் என்றிருக்கிறோம். அவள் அம்மா ஹோட்டல் பேச்சையே எடுக்கக்கூடாது என்கிறார், இவருக்கோ பத்து நாள் ஒருவர் வீட்டில் போய் உட்காரக் கூச்சம். ஹோட்டல் எடுத்தால் தப்பாக நினைப்பார்களா? இரண்டு பேருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம்.

வடக்குவாசல்
முதலில் தேதியை மாற்றுங்கள் அக்கா. ஜூன் 7-ல்தான் காவ்காவ் தொடங்கும், அதாவது அங்கே கல்லூரியில் சேர எழுதும் நுழைவுத்தேர்வு. தம்பி கடைசி வருடம் என்றால் அந்த வீட்டில் டிவி சத்தம்கூட இருக்காது, ஆனால் "இப்போது வராதீர்கள்" என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள், சமாளித்துக்கொள்வார்கள். செப்டம்பர் பாருங்கள், அக்டோபர் 1-ல் தேசிய தின விடுமுறை தொடங்கி நாடே ரயிலில் ஏறுவதற்குள் கிளம்பிவிடலாம்.

தங்குவதைப் பொறுத்தவரை, முதல் சில நாள் வீட்டில், அப்புறம் பக்கத்தில் ஒரு ஹோட்டல். இதை இப்போதே அந்தப் பெண் வழியாகச் சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால்தான் மனக்கஷ்டம். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி போலீஸ் நிலையத்தில் பதிவு செய்வது சட்டம். போலீஸ் என்றதும் பதற வேண்டாம், பாஸ்போர்ட்டையும் வீட்டுக்காரரின் அடையாள அட்டையையும் வீட்டுப் பத்திரத்தையும் காட்டி ஒரு சீட்டு வாங்குவதுதான். சில ஊர்களில் இணையத்திலேயே முடிந்துவிடும். விட்டுவிட்டால் எச்சரிக்கையோடு 2000 யுவான் வரை அபராதம் போட இடமுண்டு. ஹோட்டல் என்றால் இதை அவர்களே செய்துவிடுவார்கள்.

விசா: நீங்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் ரத்த உறவு இல்லை, அதனால் உறவினருக்கான கியூ வகை கிடைக்காது. சுற்றுலாவுக்கான எல் வகைதான். அதற்கு அந்தப் பெண் அழைப்புக் கடிதமும் தன் அடையாள அட்டை நகலும் அனுப்பினால் போதும்.

காரசாரம்
மாட்டிறைச்சி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செங்டுவில் விருந்தாளி வந்தால் ஹாட்பாட், அதாவது மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் கறியும் காயும் வேகவைத்துச் சாப்பிடுவது, இல்லாமல் விடமாட்டார்கள், அந்தச் சிவப்புக் குழம்பு பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பில்தான் கொதிக்கும். கறியை ஒதுக்கிவிட்டுக் காய்கறியை மட்டும் எடுத்தாலும் பயனில்லை. நடுவில் தடுப்பு வைத்த இரட்டைச் சட்டி கேளுங்கள், ஒரு பக்கம் காளான் சூப் வைத்துத் தருவார்கள். மாப்போ டோஃபு என்ற காரமான சோயாக்கட்டிக் குழம்பிலும் கொத்துக்கறி உண்டு, பழைய முறையில் அது மாட்டுக்கறி. கிளம்பும் முன்பே சொன்னால் அந்த அம்மா அதற்கேற்ப யோசிப்பார். மேசை நிறையப் பரப்பிய பிறகு சொன்னால் பாவம், கூசிப்போய்விடுவார்.

சாப்பாட்டுக் கடையில் பில் கட்டப் போட்டி போடுங்கள், ஆனால் தோற்றுவிடுங்கள்.

மல்லிப்பந்தல்
தம்பிக்கு இந்த வருடம்தான் அந்தத் தேர்வாம்! கேட்ட பிறகுதான் சொன்னாள். செப்டம்பருக்கு மாற்றிவிட்டோம். என்ன பரிசு கொண்டுபோவது?

தூரதேசி
சுவர்க்கடிகாரம் மட்டும் வேண்டாம், அங்கே சாவை நினைவூட்டும் பொருள் அது. இணையத்தில் இப்படி விலக்குப் பட்டியல் நீளமாகக் கிடைக்கும், அதையெல்லாம் மனப்பாடம் செய்யாதீர்கள், வெளியூர்க்காரர்களிடம் யாரும் அவ்வளவு பார்ப்பதில்லை. இரண்டு கையால் கொடுங்கள், உங்கள் முன்னால் பிரிக்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். என்னைக் கேட்டால் அந்தப் பெண் உங்களோடு இருந்த வருடத்துப் போட்டோக்களை அச்சடித்து ஆல்பமாகக் கொடுங்கள். மகளுடைய வாழ்க்கையில் பெற்றோர் கூட இல்லாத ஒரு வருடம் அது, கடையில் வாங்கும் எதுவும் இதற்கு ஈடாகாது.

வாசலில் செருப்பைக் கழற்றினால் வீட்டுச் செருப்பு தருவார்கள், போட்டுக்கொள்ளுங்கள். அப்பா மது ஊற்றினால் குடிக்காவிட்டாலும் டீக் கோப்பையைத் தூக்கி, அவர் கோப்பையின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தட்டினால் போதும், மனிதர் குளிர்ந்துபோவார்.

வடக்குவாசல்
ஒன்று விட்டுப்போச்சு. அங்கே பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் உங்கள் கார்டை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணைத்து வையுங்கள், ஓடிபி அங்கே வந்து சேராமல் போகலாம். 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் செலுத்தினால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். வாட்ஸ்அப்பும் கூகுளும் அங்கே தடை, ஆனால் உங்கள் ஊர் சிம்மிலேயே ரோமிங் போட்டால் வேலை செய்யும், அவர்கள் வீட்டு வைஃபையில் செய்யாது. அங்கே வாட்ஸ்அப் மாதிரி இருக்கும் வீசாட் செயலியை இப்போதே போட்டு அந்த அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதிலேயே மொழிபெயர்ப்பும் இருக்கிறது.