வக்கீல் காலவரம்பைத் தவறவிட்டார், என் நஷ்டத்தை எப்படி நிரூபிப்பது?

கேள்வி:
வாகன விபத்தில் தோள்பட்டை முறிந்து எட்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. நஷ்டஈட்டு வழக்கை ஒரு வக்கீலிடம் ஒப்படைத்திருந்தேன், அவர் கெடு முடிந்த பிறகுதான் தாக்கல் செய்தார், தள்ளுபடி ஆகிவிட்டது. தன் தவறுதான் என்று மெசேஜிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் மேல் வழக்குப் போடலாமா என்று இன்னொரு வக்கீலைக் கேட்டால், "தவறு தெரிகிறது, நஷ்டத்தைக் காட்டுங்கள்" என்கிறார். வழக்கே போய்விட்டதே, இதைவிட என்ன காட்டுவது?

பதில் 1:
உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. தோற்கவேண்டிய வழக்கை வக்கீல் தவறவிட்டிருந்தால் உங்கள் கையிலிருந்து எதுவும் போகவில்லை என்றுதான் கோர்ட் பார்க்கும். அதனால் இது வழக்குக்குள் இன்னொரு வழக்கு. விபத்துக்கு எதிர்த்தரப்புதான் காரணம், காயம் அதனால்தான், இவ்வளவு தொகை கிடைத்திருக்கும் என்று பழைய வழக்கை இப்போது முழுசாக நடத்திக் காட்ட வேண்டும்.

1980ல் அமெரிக்காவின் மினசோட்டா உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பிறகு முடங்கிப்போன கணவருக்காக மனைவி ஒரு வக்கீலைப் பார்க்கிறார், அந்த வக்கீலோ கேஸ் நிற்காது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார், ஃபீஸ்கூட வாங்கவில்லை, இரண்டு வருடக் கெடு ஓடிவிட்டது. ஜூரி அந்தத் தம்பதிக்குக் கொடுத்த 6,49,500 டாலரை நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் அதற்கு வக்கீலின் அலட்சியத்தோடு மருத்துவர்கள் செய்த தவறையும் சேர்த்தே அவர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது.

பதில் 2:
இன்னொன்று, ஜெயித்திருந்தாலும் பணம் வசூலாகியிருக்குமா? எதிர்த்தரப்பிடம் சொத்தும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லையென்றால் பல இடங்களில் உங்கள் தொகை அதோடு சுருங்கிவிடும். அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்று முதலில் பாருங்கள். மன உளைச்சலுக்குத் தனியாகப் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள், பண நஷ்டம் பற்றிய வழக்குகளில் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

கேட்டவர்:
இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் ஜெயித்திருப்பேன் என்று நூறு சதவீதம் எப்படிச் சொல்வது?

பதில் 3:
நூறு சதவீதம் யாரும் கேட்பதில்லை, பெரும்பாலும் ஜெயித்திருப்பீர்கள் என்று காட்டினால் போதும். இங்கிலாந்தில் கணக்கே வேறு, அங்கே இழந்த வாய்ப்புக்கு விலை போடுவார்கள், 10 லட்சம் பெறுமான வழக்கில் 60 சதவீத வாய்ப்பு இருந்திருந்தால் 6 லட்சம். அதற்காக அசட்டையாக இருக்க முடியாது. 2019ல் அங்கே ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி, வக்கீல் சரியாக ஆலோசனை சொல்லாததால் ஒரு வகை நஷ்டஈடு போய்விட்டது என்று வந்தார். அப்படி ஒரு கோரிக்கையை அவர் நேர்மையாக வைத்திருக்க முடியும் என்று விசாரணை நீதிபதி நம்பவில்லை, உச்ச நீதிமன்றமும் அதை ஏற்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சரியான ஆலோசனை கிடைத்திருந்தால் நீங்கள் நேர்மையாக அந்தக் கோரிக்கையை வைத்திருப்பீர்கள் என்பதை, பெரும்பாலும் அப்படித்தான் என்ற அளவுக்கு நிரூபித்த பிறகுதான் அந்தச் சதவீதக் கணக்கே தொடங்கும். அதனால் காயத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், ஒரு இடத்தில் பிடிபட்டால் மொத்தமும் போய்விடலாம்.

பதில் 1:
இந்த வாரமே பழைய வக்கீலிடம் கேஸ் கட்டை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி ரிப்போர்ட், பில், சம்பளச் சீட்டு, விபத்தைப் பார்த்தவர்கள் விவரம். அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். முக்கியமாக, வக்கீல் மேல் போடும் வழக்குக்கும் ஒரு கெடு உண்டு, எந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள் என்று புது வக்கீலிடம் நாளைக்கே கேட்டுவிடுங்கள்.