22 அடி பாய்மரப் படகின் கேபினில் சாமான் வைக்க இடம் போதவில்லை. பொருத்திய தட்டும் கழன்று விழுந்தது

ஏரிக்கரையான் (மார்ச் 9)

வணக்கம். ரொறன்ரோவில் குடியிருக்கிறேன். 1979-இல் கட்டப்பட்ட கற்றலினா 22 ரகப் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி, ஒன்ராறியோ ஏரியில் இரண்டு கோடைகாலம் ஓட்டியிருக்கிறேன். நீளம் 21 அடி 6 அங்குலம், அகலம் 7 அடி 8 அங்குலம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. நான், மனைவி, 9 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள் என நால்வர் போகிறோம். மூன்று இரவுக்கு வேண்டிய உடை, படுக்கை, பாத்திரம், தண்ணீர் எல்லாவற்றையும் பைகளில் கட்டி முன்படுக்கையில் குவித்து வைக்கிறோம். இரவானதும் அதே பைகளை, படகோட்டுபவர் உட்காரும் திறந்த பின்பகுதியான காக்பிட்டுக்கு மாற்றிவிட்டுத் தூங்குகிறோம். மழை பெய்தால் அந்த ஏற்பாடும் குலைந்துவிடுகிறது.

சென்ற ஆண்டு, இடப்பக்கத்து மேசைக்கு மேலே பக்கச்சுவரை ஒட்டி, 120 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள பைன் பலகைத் தட்டு ஒன்றை வைத்தேன். வர்ணம் பூசிய சுவரில் மூன்று மரக்கட்டைகளைக் கட்டட வேலைக்கான பசையால் ஒட்டி, அவற்றின்மேல் தட்டைத் திருகியிருந்தேன். ஜூலையில் நயாகரா-ஒன்-த-லேக் நோக்கி ஏரியைக் கடக்கும்போது, எதிரலையில் படகு அடிபட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மூன்று கட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று, தட்டு சாமான்களோடு மேசைமேல் விழுந்தது. நல்லவேளையாக அப்போது அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இம்முறை கட்டைகளை நேரே சுவரில் திருகாணியால் இறுக்கலாமா என்பது என் முதல் கேள்வி. இரண்டாவது, முன்படுக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் வைத்த துணிகள் ஆகஸ்ட் முடிவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டன. ஆனால் ஒழுக்கு எதுவும் என் கண்ணில் படவில்லை. மூன்றாவது, காக்பிட்டின் இடப்பக்கப் பின்மூலையில் பெற்றோல் தொட்டி வைக்கும் பெட்டிக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள சுவரை வெட்டித் திறந்தால், காக்பிட்டுக்கு அடியில் நல்ல நீளமான இடம் கிடைக்கும் போலத் தெரிகிறது. அதைச் செய்யலாமா?

சாமான் வைப்பதோடு தொடர்பில்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். போன ஆகஸ்டிலிருந்து படகின் திசைகாட்டி, கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் திசையோடு பொருந்துவதில்லை. புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமா?

கிங்ஸ்டன்வாசி (மார்ச் 9)

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மற்றவற்றைப்போல் ஆறுதலாக யோசிக்கக்கூடியது அல்ல. அந்தச் சுவரை வெட்டாதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழுந்து கலையாமல், தண்ணீரைப்போலத் தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடித் தேங்கும். அந்தப் பெட்டி தனித் தொட்டியாக வார்க்கப்பட்டு, காற்று வெளியே போக வழி விடப்பட்டிருப்பது, ஆவி கேபினின் அடிப்பள்ளத்துக்குள் இறங்காமல் இருப்பதற்காகத்தான். நீங்கள் அதைத் திறந்துவிட்டு, காலையில் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தால் என்ன நடக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. சுவரில் ஏற்கனவே கம்பி போகத் துளையிட்டிருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று கேட்கவேண்டும். தண்ணீரை எங்கே வைக்கிறீர்கள், எவ்வளவு?

ஏரிக்கரையான் (மார்ச் 10)

மிக்க நன்றி அண்ணா. வாள் எடுக்குமுன் கேட்டது நல்லதாயிற்று. தண்ணீர் 20 லீற்றர் கலன்கள் இரண்டு. முன்படுக்கைக்கு அடியில், நங்கூரச் சங்கிலியின் உதிரித் துண்டோடு வைத்திருக்கிறேன். அங்கேதான் தரை தட்டையாக இருக்கிறது.

கிங்ஸ்டன்வாசி (மார்ச் 10)

நினைத்தேன். உங்கள் படகின் மொத்த எடை ஏறத்தாழ 1,000 கிலோ. அதில் 40 கிலோ தண்ணீர் என்பது இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதைக் கொண்டுபோய் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வைத்திருக்கிறீர்கள். முனையில் பாரம் கூடினால் அணியம் அலைமேல் ஏறத் தாமதித்து அலைக்குள் குத்தும். உங்கள் தட்டு விழுந்ததற்குப் பசை ஒரு காரணம் என்றால், படகு அவ்வளவு மூர்க்கமாக அடித்ததற்கு இந்தக் கலன்களும் ஒரு காரணமாக இருக்கலாம். கனமானவை எல்லாம் தாழ்வாகவும் நடுவிலும் இருக்கவேண்டும்: தண்ணீர், தகரப்பேணிகள், கருவிப்பெட்டி ஆகியவை கீல் வின்சுக்கு (படகின் அடியிலுள்ள கனத்த தகடான கீலைக் கம்பியால் ஏற்றி இறக்கும் உருளைக்கு) அருகே, இருக்கைகளுக்கு அடியில். அணியத்துக்கும் பின்பகுதிக்கும் தலையணை, உறக்கப்பை, உடை போன்ற லேசானவை போகட்டும். 20 லீற்றர் கலனை விட்டு 5 லீற்றர் கலன்களாக வாங்கினால் இருபக்கமும் சமமாகப் பிரித்து வைக்கலாம். 9 வயதுப் பிள்ளையும் தூக்கி எடுக்கும்.

ஆனால் கீலை இறக்கி ஏற்றும் வின்சு, கம்பி, அடிப்பள்ளத்துத் தண்ணீர் ஓடும் துளைகள் ஆகியவற்றை எந்தச் சாமானாலும் மறைக்காதீர்கள். இருட்டில், ஈரக்கையோடு, ஒரு நிமிடத்துக்குள் கை எட்டவேண்டிய இடங்கள் அவை.

பைபர்த்தச்சன் (மார்ச் 12)

படகு பழுதுபார்க்கும் முற்றம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

சுவரில் திருகாணி வேண்டாம். உங்கள் கைக்குச் சுவராகத் தெரிவது, மறுபக்கம் தண்ணீரைத் தாங்கி நிற்கும் ஓடு. சில மில்லிமீற்றர் தடிப்புள்ள பைபர் கிளாசில் திருகாணி பிடிப்பதற்கும் ஆழமில்லை. பிடித்தாலும் அந்தத் துளை என்றைக்காவது நீர் புகும் வாயாகிவிடும். ஒட்டுவதுதான் முறை, ஆனால் நீங்கள் ஒட்டியது ஓட்டில் அல்ல, வர்ணத்தில். 45 ஆண்டு பழைய வர்ணம் ஓட்டைப் பிடித்திருக்கும் அளவுக்குத்தான் உங்கள் பசையும் பிடித்திருக்கும். கழன்ற கட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் வர்ணத்தோல் ஒட்டியிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

முதலில் அசற்றோன் நனைத்த துணியால் துடைத்து மெழுகையும் எண்ணெயையும் அகற்றுங்கள். தேய்த்துவிட்டுத் துடைத்தால் மெழுகைக் கீறல்களுக்குள் நீங்களே திணித்தவர் ஆவீர்கள். பிறகு 80 எண் உப்புத்தாளால் வர்ணம் முழுவதும் போய், பைபர் நெசவு மங்கலாகத் தெரியும்வரை தேயுங்கள். கட்டைக்குப் பதிலாக, 12 மி.மீ. கடல்தர ஒட்டுப்பலகையில் உள்ளங்கையைவிடப் பெரிய துண்டுகளை, ஏறத்தாழ 10-க்கு 15 செ.மீ., மூலைகளை உருட்டி வெட்டிக்கொள்ளுங்கள். இரு முகங்களிலும் வெறும் எப்பொக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசையை) தடவி ஊறவிட்டு, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே சிலிக்காத் தூள் கலந்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கெட்டியாக்கிய எப்பொக்சியால் ஒட்டுங்கள். ஓரங்களில் பிதுங்குவதை விரலால் வளைவாக வழித்துவிட்டு, அதன்மேல் பைபர் துணி ஒரு படை, எல்லாப் பக்கமும் 5 செ.மீ. ஓட்டின்மேல் படியும்படி போட்டால் போதும். தட்டுக்குத் திருகாணி போடும்போது துளைக்கும் ஊசியில் 10 மி.மீ. அளவில் நாடா சுற்றிக்கொள்ளுங்கள். நாடா பலகையைத் தொட்டதும் நிறுத்தவேண்டும்.

ஏப்ரலில் அவசரப்படாதீர்கள். நம் ஊர் ஏப்ரலில் படகின் ஓடு குளிர்பெட்டிபோல் இருக்கும். பெரும்பாலான எப்பொக்சிகள் 10 பாகை செல்சியசுக்குக் கீழே ஒழுங்காக இறுகுவதில்லை. மே கடைசிவரை பொறுங்கள். மூடிய கேபினுக்குள் அசற்றோனோடும் பைபர்த் தூளோடும் வேலை செய்யப்போகிறீர்கள் என்பதால் முகமூடியும் திறந்த கதவுகளும் கட்டாயம், பக்கத்தில் தணல் கக்கும் சூடேற்றி கூடவே கூடாது.

தட்டின் முன்விளிம்பில் 5 செ.மீ. உயரமுள்ள சட்டம் வேண்டும், இல்லையேல் முதல் சாய்விலேயே எல்லாம் மடியில் இருக்கும். கடைசியாக, படகுக்குள் தோள் உயரத்தில் எதைப் பொருத்தினாலும் அது கைப்பிடியாகிவிடும். தடுமாறும் மனிதர் அது தட்டா கம்பியா என்று பார்த்துப் பிடிப்பதில்லை. ஆகவே சாமான்களின் எடைக்கு அல்ல, உங்கள் உடல் எடைக்குப் பொருத்துங்கள்.

வலைத்தூளி (மார்ச் 13)

பைபர்த்தச்சன் ஐயா சொன்ன முறையில் மாற்றுக் கருத்தில்லை. தட்டு வேண்டுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இதே ரகப் படகில் நானும் முதலில் தட்டுகள்தான் வைத்தேன். படகின் பக்கம் வளைவானது, பலகை நேரானது. இரண்டுக்கும் நடுவே வீணாகும் இடத்தைக் கூட்டிப் பார்த்தால், தட்டில் வைத்த இடத்தைவிட அதிகம். அந்த 20 செ.மீ. பலகை உட்காருபவரின் தலையையும் முன்னே தள்ளுகிறது.

இப்போது என் படகில் இரண்டு பக்கமும் தடித்த கன்வஸ் துணியில் தைத்த பைவரிசைதான் இருக்கிறது. மேல்விளிம்பில் மரச்சட்டம் ஒன்று, கீழ்விளிம்பில் இன்னொன்று. சட்டங்களை மட்டும் மேலே சொன்ன ஒட்டுப்பலகைத் துண்டுகளில் திருகியிருக்கிறேன். துணி சுவரின் வளைவோடு படிகிறது, படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பொருள் பைக்குள்ளேயே இருக்கிறது, வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கவும் முடிகிறது. பைகளின் முன்பக்கத்தை வலைத்துணியில் தைத்தால் உள்ளே இருப்பது தெரியும், காற்றும் போகும். முன்படுக்கையில் கால்வைக்கும் பக்கத்துக்கு மேலே இரண்டு வலைத்தூளிகளைக் கட்டினால் நான்கு பேரின் உடைகளும் அங்கே போய்விடும். உறக்கப்பைகளைப் பகலில் மெத்தையுறைக்குள் திணித்துச் சாய்வணையாக்குங்கள். தூளியில் வெங்காயம், உருளைக்கிழங்கு போடுவதென்றால், ஆடும்போது சுவரில் மோதாத தூரம் விடுங்கள். இரண்டாம் நாள் கன்றிய தக்காளியைப் பார்த்தபின்தான் நான் அதைக் கற்றேன்.

பூஞ்சணத்துக்குப் பெரும்பாலும் உங்கள் மூச்சுக்காற்றே காரணம். ஏரியின் தண்ணீர் ஜூனிலும் குளிர்ந்தே இருக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள ஓடும் அதே குளிரில் இருக்கும். நால்வர் இரவு முழுவதும் விடும் மூச்சிலுள்ள ஈரம் அந்த ஓட்டில் பனித்து, மூடிய பெட்டிக்குள் துணியில் ஊறுகிறது. துணிகளை அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மெத்தைக்கு அடியில் மரச்சலாகைத் தட்டி போட்டு விரலளவு இடைவெளி விடுங்கள். பெட்டியின் மூடிகளில் காற்றுத்துளை வையுங்கள். நீர்மட்டத்துக்கு மேலுள்ள வெற்று ஓட்டில், முகாமிடுவோர் விரிக்கும், நீர் உறிஞ்சாத ஃபோம் பாயை வெட்டி முழுப்பரப்பும் படியும்படி ஒட்டலாம். இடையில் பொள்ளல் விட்டால் அதற்குப் பின்னால் ஈரம் தேங்கும்.

ஆனால் ஒழுக்கே இல்லை என்று இப்போதே முடிவுசெய்ய வேண்டாம். கடலாக இருந்தால் ஒரு துளியை நக்கிப் பார்த்தே வெளித்தண்ணீரா வியர்வையா என்று சொல்லிவிடலாம், நம் ஏரி நன்னீர். மேல்தளத்தின் திருகாணிகள் உள்ளே வந்து முடியும் ஒவ்வோர் இடத்துக்கும் கீழே சோக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். மழைக்குப்பின் எந்தக் கோட்டைத் தண்ணீர் அறுத்திருக்கிறது என்று பாருங்கள். சோக்கட்டி இல்லையென்று மஞ்சள்தூளைத் தடவிவிடாதீர்கள், அந்தக் கறை போகாது.

கிங்ஸ்டன்வாசி (மார்ச் 14)

திசைகாட்டி பற்றி யாரும் எழுதவில்லையே. கைப்பேசி மெய்வடக்கைக் காட்டுகிறதா, காந்தவடக்கையா என்று முதலில் பாருங்கள். ரொறன்ரோவில் இரண்டுக்கும் ஏறத்தாழ 10 பாகை வித்தியாசம் உண்டு. அதைச் சரிசெய்த பிறகும் பொருந்தாவிட்டால், ஒரு கேள்வி: திசைகாட்டி பொருத்திய சுவரின் உட்பக்கத்தில், கேபினுக்குள் என்ன இருக்கிறது?

ஏரிக்கரையான் (மார்ச் 14)

தட்டு விழுந்தபிறகு, அதிலிருந்த இரும்புத் தோசைக்கல்லை அந்தச் சுவரில்தான் கொக்கி போட்டு மாட்டினேன். இப்போதுதான் விளங்குகிறது.

கிங்ஸ்டன்வாசி (மார்ச் 14)

திசைகாட்டி பிழையில்லை, அது தோசைக்கல்லைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. படகு வண்டியில் இருக்கும்போதே சோதிக்கலாம். வண்டியின் இரும்பும் இழுக்கும், ஆகவே காட்டும் பாகையை நம்பாமல், கல்லை எடுத்ததும் எவ்வளவு திரும்புகிறது என்பதை மட்டும் பாருங்கள். காந்தத்தால் மூடும் கதவுப்பூட்டு, ஒலிபெருக்கி, இரும்புக் கருவிகள் எவையும் அந்தச் சுவருக்கு ஒரு மீற்றருக்குள் வேண்டாம். அலுமினியப் பிரஷர் குக்கருக்கு அந்தத் தடையில்லை. மூடி பூட்டிக்கொள்வதால் அலையில் குழம்பும் சிந்தாது.

ஏரிக்கரையான் (ஜூன் 15)

எல்லோருக்கும் நன்றி. தோசைக்கல்லை எடுத்ததும் திசைகாட்டி 12 பாகை திரும்பியது. கல் இப்போது கீல் வின்சுக்கு அருகே, தண்ணீர்க் கலன்களோடு கிடக்கிறது. கழன்ற கட்டைகளின் பின்புறத்தில் வர்ணத்தோல் இருந்தது, ஐயாவின் பந்தயம் வென்றது. ஒட்டுப்பலகைத் துண்டுகளை மே 28-இல் ஒட்டினேன். ஒரு வாரம் கழித்து அவற்றைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தேன். தட்டுக்குப் பதில் துணிப்பைகள் மனைவியின் கைவேலை, இரண்டு பக்கமும் ஆறாறு. சென்ற வாரம் இரண்டு இரவு தங்கினோம்; காக்பிட்டுக்கு ஒரு பையும் போகவில்லை.

சோக்கட்டிக் கோடுகளில் ஒன்று மட்டும் அறுந்திருக்கிறது: வலப்பக்கத்தில், பாதுகாப்புக் கம்பித்தூண் ஒன்றின் திருகாணிக்குக் கீழே. சிலிக்கோன் வைத்து அடைக்கட்டுமா?

பைபர்த்தச்சன் (ஜூன் 16)

சிலிக்கோன் வேண்டாம், தம்பி. அது போன இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது. தூணைக் கழற்றி, பழைய பசையை முற்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு, பியூட்டைல் நாடா (பிசுபிசுப்பான, இறுகாத ரப்பர் நாடா) வைத்து, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கும்போது மேலே திருகாணித் தலையை ஒருவர் திரும்பாமல் பிடித்திருக்க, கீழே நட்டை மட்டும் திருகவேண்டும். கழற்றியதும் துளையின் ஓரத்தில் தளத்தின் உள்மரம் ஈரமாகவோ கறுத்தோ இருந்தால், நாடா வைக்குமுன் படம் எடுத்து இங்கே போடுங்கள்.