பேன்கேக் சுட்டு ஃப்ரீசரில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

பொன்னிமகள்:
வணக்கம். நாங்கள் மினியாபொலிஸ் பக்கம் இருக்கிறோம். பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 6. ஸ்கூல் பஸ் 7:10-க்கு வாசலுக்கு வந்துவிடும். அதற்குள் தோசை வார்த்துச் சாப்பிடவைத்து அனுப்ப முடிவதில்லை. கடையில் விற்கும் ஃப்ரோசன் வாஃபிள் (கட்டம் கட்டமாகக் குழி விழுந்த பேன்கேக் மாதிரி) இரண்டு பேருக்கும் பிடிக்கிறது, ஆனால் வாரத்துக்கு மூன்று பெட்டி காலி. போன ஞாயிறு நானே இருபது பேன்கேக் சுட்டேன். சூடு கொஞ்சம் அடங்கியதும் கவரில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்தேன். திங்கள் காலை எடுத்தால் இருபதும் ஒரே கட்டி! கத்தியால் நெம்பியதில் பாதி கிழிந்துவிட்டது. மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தேன். நடுவில் சொதசொத, ஓரமெல்லாம் ரப்பர். சின்னவன் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டான். எங்கே தப்பு? வாஃபிள் மேக்கர் வாங்கினால் சரியாகுமா?

வின்னிபெக்வாசி:
சகோதரி, ஆறுவதற்கு முன்னால் அடுக்கியதுதான் காரணம். என் மனைவிக்குக் காலை 7 மணி ஷிஃப்ட். ஆறு வருடமாகப் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு என் பொறுப்பு. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு சுட்டு வைத்துவிடுவேன்.

சுட்ட பேன்கேக்கைத் தட்டில் போட்டு இரண்டு நிமிடம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். தட்டு வட்டமாக வியர்த்திருக்கும். அந்த ஈரம்தான் கவருக்குள் ஐஸாகி ஒட்டவைக்கிறது. கேக் ஆறவைக்கும் கம்பித்தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். தொட்டால் சூடே தெரியக்கூடாது. எனக்கு அரை மணி ஆகிறது. அப்புறம் ட்ரேயில் பட்டர் பேப்பர் விரித்து, இடைவெளி விட்டு வைத்து, ஃப்ரீசரில் ஒரு மணி நேரம். ஓடு மாதிரி விறைத்ததும் ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, தேதி எழுதி வையுங்கள். சீட்டுக்கட்டிலிருந்து சீட்டு எடுப்பதுபோல வேண்டியதை மட்டும் எடுக்கலாம். -18 டிகிரியில் இரண்டு மாதம் ருசி நன்றாக இருக்கும். அதற்கு மேலும் கெடாது, ஆனால் வறண்டு, ஃப்ரீசர் வாசம் ஏறிவிடும்.

நாலு நாளுக்குத்தானே என்று ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து சீக்கிரம் இறுகும். ஃப்ரிட்ஜில் வைத்த பிரெட் வறட்டென்று ஆவதும் இதனால்தான்.

என் அளவு: மைதா 2 கப், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பட்டர்மில்க் 2 கப், முட்டை 2, உருக்கிய வெண்ணெய் 4 டேபிள்ஸ்பூன். இங்கே அட்டைப்பெட்டியில் விற்கும் பட்டர்மில்க் கெட்டியாக இருக்கும். நம் வீட்டு மோரை ஊற்றினால் மாவு ஓடும்; பதிலாகத் தயிரைக் கடைந்து ஊற்றலாம். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். தோசை மாவு மாதிரி மழமழவென்று கலக்கினால் மைதா இழுவையாகி, சுட்டதும் ரப்பர்தான். மைக்ரோவேவில் ஒரு நிமிடமும் அதிகம். ஒன்றுக்கு 20 முதல் 25 விநாடி, ஈரமான பேப்பர் டவலால் மூடி வையுங்கள்.

வாஃபிள் மேக்கர் தாராளமாக வாங்குங்கள். என்னைக் கேட்டால் ஃப்ரீசருக்கு வாஃபிள்தான் பொருத்தம். 1953-லேயே கலிபோர்னியாவில் டோர்சா சகோதரர்கள் உறைந்த வாஃபிளைக் கடைகளுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், இன்று கடையில் கிடைக்கும் எகோ (Eggo) பிராண்ட் அதுதான். டோஸ்டரில் நிற்கும், குழிகளின் ஓரமெல்லாம் மொறுமொறுவென்று வரும். ஆனால் முழுதாகச் சிவக்க விடாதீர்கள். ஆவி பறப்பது அடங்கி, இளம் பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். மீதிச் சிவப்பு டோஸ்டரில் வரும். உறைந்தபடியே டோஸ்டரில் போட வேண்டும், வெளியே வைத்துக் கரையவிட்டால் நமுத்துவிடும்.

கோபி அம்மா:
பொன்னி கண்ணு, தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் இப்போது டாலஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். வாஃபிள் மேக்கர் வாங்கினால் இட்லி மாவையும் அதில் ஊற்றிப் பார். நன்றாக எண்ணெய் தடவு, மூடியை அவசரப்பட்டுத் திறக்காதே. பாதி வெந்திருக்கும்போது திறந்தால் இரண்டு பக்கமும் பிய்ந்துகொண்டு வரும். புளித்த மாவுதான் நன்றாக மொறுமொறுக்கும். இதையும் அதே மாதிரி ஆறவைத்து ஃப்ரீசரில் வைக்கலாம். பேரன் பொடியும் நெய்யும் குழிக்குள் நிரப்பித் தின்கிறான்.

பொன்னிமகள்:
வின்னிபெக் அண்ணா, அம்மா, இரண்டு பேருக்கும் நன்றி! ஞாயிறு 14 வாஃபிள் சுட்டேன். கம்பித்தட்டு இல்லை, ஓவனுக்குள் இருக்கும் கம்பி அடுக்கை வெளியே எடுத்து அதில் ஆறவைத்தேன். இன்று வியாழன், ஒன்றுகூட ஒட்டவில்லை. காலையில் நான் தலை வாரிக்கொண்டிருக்கும்போது சின்னவனே ஃப்ரீசரைத் திறந்து இரண்டு எடுத்து டோஸ்டரில் போட்டுவிட்டான். இட்லி மாவு வாஃபிள் சனிக்கிழமை செய்யப்போகிறேன். இன்னொரு சந்தேகம்: மைதாவில் கால் பங்கு ராகி மாவு கலந்தால் டோஸ்டரில் உடைந்துபோகுமா? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.