ரொப்போரைப்: வட்டாரவகையா, திணைவகையா?

கால்வாய் நோய் (கோமாரி) வைரசைப் பற்றித் தமிழில் எழுதப் போனால் மூன்று ‘ரைப்’ வந்து இடிக்கும்: செரோரைப் (serotype), ஜெனோரைப் (genotype), ரொப்போரைப் (topotype). மூன்றுக்கும் ‘வகை’ என்றே போட்டுவிட்டால் பிழை ஏட்டோடு நிற்காது, மாட்டுப்பட்டி வரை போகும். தடுப்பூசியைத் தெரிவதற்கு முதலில் பார்ப்பது செரோரைப்பை. ஓ, ஏ, சீ, ஏசியா 1, சாட் 1, 2, 3 என அவை ஏழு. ஓ-வுக்குப் போட்ட ஊசி ஏசியா 1-ஐத் தடுக்காது. இதற்கு ‘நீர்ப்பாயவகை’ போதும். சீரத்தைக் குறிக்கும் நீர்ப்பாயம் பாடநூலில் பழகிய சொல்தானே.

ஜெனோரைப்புக்குப் ‘பிறப்புரிமையமைப்பு’ வேண்டாம். உயர்தர உயிரியல் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பட்டாணிச் செடியும் சோடி எதிருருக்களும்தான் நினைவில் வரும். இந்த வைரசில் சோடியே கிடையாது. இங்கே கருதுவது தொடரொழுங்கு நெருங்கிய வைரசுக் கூட்டத்தை; ஆகவே ‘மரபுவகை’.

சிக்கல் ரொப்போரைப்பில்தான். வைரசின் மேலுறையிலுள்ள வீபீ1 (VP1) புரதத்துக்குரிய ஏறத்தாழ 630 நியூக்கிளியோரைட்டை (மரபுத்தொடரின் எழுத்துகளை) வாசித்து ஒப்பிடுவார்கள். ஓ-வில் வேறுபாடு 15%, அதாவது 95 இடமளவுக்குள் அடங்கினால் ஒரே ரொப்போரைப். சாட் வகைகளில் எல்லை 20%. இப்படிப் பிரித்த கூட்டங்கள் நிலப்பரப்புகளோடு பொருந்தி நின்றதால்தான் அந்தப் பெயர். ‘வட்டாரவகை’ என்றால் வைரசு இப்போது நிற்கிற இடம் என்று வாசிப்பார்கள். மத்திய கிழக்கு–தெற்காசியா என்ற ரொப்போரைப்பின் உட்பிரிவான இன்ட்-2001 (Ind-2001) 2013இல் லிபியாவில் தெரிந்தது, பெயர் மாறவில்லை. நிலத்தோடு இயல்பையும் சேர்த்துச் சொல்வது திணை. ஆகவே ‘திணைவகை’ என்பது என் பக்கம்.

“திணையிலும் நிலம் இருக்கிறதே” என்ற மறுப்பு நியாயம். ஆனால் யாழ்ப்பாணத்து மாம்பழமான கறுத்தக்கொழும்பானைக் கொழும்பு மாம்பழம் என்று நினைத்து இங்கே யார் வாங்குகிறார்கள்? செம்மறிக்கு வரும் எல்லைநோயும் இங்கிலாந்து–வேல்ஸ் எல்லையில் பெற்ற பெயரைத்தான் ஊரூராகக் காவித் திரிகிறது.

ஒன்றை மட்டும் வரைவிலக்கணத்திலேயே எழுதிவிட வேண்டும்: திணைவகை தெரிந்தால் வைரசு வந்த வழி புலப்படும், ஊசி பொருந்துமா என்பது புலப்படாது. அதற்கு நடுநிலையாக்கற் சோதனையில், ஊசி வைரசும் பரவும் வைரசும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் ஆர்1 (r1) மதிப்பு 0.3-க்குக் குறையக்கூடாது.

திணைவகைக்குள் ஒரே மூதாதையிலிருந்து வந்த வைரசுத் தொடரான லீனியேஜுக்குக் (lineage) ‘கால்வழி’ இருக்கிறது. வம்சத்துக்கு நம்மிடம் உள்ள பழஞ்சொல். கால்வாய் நோய்க்குப் பக்கத்தில் எழுதும்போது கொஞ்சம் தடக்கும், பரவாயில்லை. பெயர்ச்சீட்டு இப்படி வரும்: நீர்ப்பாயவகை ஓ / திணைவகை மத்திய கிழக்கு–தெற்காசியா / கால்வழி இன்ட்-2001.

அதற்குக் கீழே டி, ஈ என்று பிரிகிறதே, அதற்கு ‘உட்கால்வழி’ வாயில் நுழையவில்லை. ‘கிளைவழி’ என்றால் கிளேடுக்கு (clade, ஒரு மூதாதையும் அதன் வாரிசுகள் எல்லாமும் சேர்ந்த கூட்டம்) வைத்த ‘கிளை’யோடு மோதுகிறது. வேறு சொல் இருந்தால் போடுங்கள்.