சிபில் 610, கையில் 28 லட்சம்: வாடகைக்கு விட ஃப்ளாட் வாங்கலாமா?

கேள்வி: கிரெடிட் கார்டு பாக்கியை செட்டில்மென்ட்டில் முடித்ததால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) 610. பெரம்பூரில் 40 லட்சத்துக்கு ஃப்ளாட் வருகிறது. மீதிக்கு லோன் கிடைக்குமா?

மாம்பலம்வாசி: நாலு வங்கியில் விண்ணப்பித்துப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு விசாரணையும் ரிப்போர்ட்டில் ஏறும். 'செட்டில்டு' என்றால் முழுசாகக் கட்டவில்லை என்று அர்த்தம். தள்ளுபடியான தொகையையும் கட்டி, நோ டியூ சான்றிதழ் வாங்கி, 'குளோஸ்டு' என மாற்றச் சொல்லுங்கள். தவறான பதிவு பற்றிய புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

கணக்குப்பிள்ளை: முதலில் கணக்கே இடிக்கிறது. மறுவிற்பனை ஃப்ளாட் என்றால் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, அதற்கே 3.6 லட்சம். ஆக, கடன் தேவை 15.6 லட்சம். இந்த ஸ்கோருக்கு ஃபைனான்ஸ் கம்பெனி 14% கேட்டால் வருட வட்டி மட்டும் சுமார் 2.18 லட்சம். வாடகை 13,000 வந்தாலும் வருடம் 1.56 லட்சம்தான். சொத்து வரி, காலியாகக் கிடக்கும் மாதம் எல்லாம் தனி.

கேட்டவர்: மனைவி பெயரில் எடுத்தால்?

மாம்பலம்வாசி: அவருக்குத் தனி வருமானம் இருந்தால் சரி. உங்களை இணைக் கடன்தாரராகச் சேர்த்தால் உங்கள் ஸ்கோரையும் பார்ப்பார்கள்.

பத்திரம்: கடனே வேண்டாம், 25 லட்சத்துக்குள் பழைய ஒற்றை பெட்ரூம் தேடுங்கள். 30 வருட வில்லங்கம், யூடிஎஸ் (ஃப்ளாட்டுக்குச் சேரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு) அளவு, அனுமதி வரைபடம் மூன்றும் பாருங்கள். மூலப்பத்திரத்துக்கு ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் அடமானத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.