ஆகஸ்ட்டில் கென்யா, தான்சானியா சஃபாரி: என்ன உடுப்பு எடுத்துப் போவது?

தாப்பா_தேவி:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவிலிருந்து ஆகஸ்ட்டில் நாலு பேர் போகிறோம்: நான், வீட்டுக்காரர், 10 வயசு மகன், மாமியார். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் மசாய் மாரா, அங்கிருந்து சாலை வழியாக செரெங்கெட்டி, கடைசியாக இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளம். ஏஜெண்டு கொடுத்த தாளில் "காக்கி உடை, மெத்தென்ற பை, 15 கிலோ, குளிர் உடை" என்று நாலு வார்த்தைதான். காக்கி கட்டாயமா? பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊருக்கு ஸ்வெட்டர் எதற்கு? மாமியார் சேலையைத் தவிர வேறு எதுவும் உடுத்த மாட்டார். வழியில் துணி துவைக்க முடியுமா?

மலைப்பாதை:
தேவிக்கா, ரேகையைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். நம்ம தாப்பா சாலையில் கேமரன் மலைக்கு ஏறிப் போனால் வரும் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர். நைரோபி கிட்டத்தட்ட 1,800. இங்கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பில் இருக்கிற லாட்ஜுகள் 2,200 மீட்டருக்கும் மேலே, அதாவது கேமரன் மலையின் குனோங் பிரிஞ்சாங் உச்சியையும் தாண்டி. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். ஆகஸ்ட் அங்கே வறண்ட காலம். நம்ம ஊர் மாதிரி ஈரக்காற்று இல்லாததால் பகல் சூடு ராத்திரியில் தங்காது. மாராவிலும் செரெங்கெட்டியிலும் மத்தியானம் சுமார் 25 டிகிரி இருக்கும். பள்ளத்தின் விளிம்பில் விடியற்காலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்.

வண்டி காலை 6 மணிக்கே கிளம்பிவிடும். கூரையைத் தூக்கிவிட்டு நின்றுகொண்டே போவதால் காற்று நேரே முகத்தில் அடிக்கும். அங்கே ஒரே ஒரு தடித்த ஜாக்கெட் உதவாது. 9 மணிக்கு வெயில் ஏறியதும் கழற்றிவிடுவீர்கள், அப்புறம் உள்ளே போட்டிருப்பது போதாமல் போகும். மெல்லிய டி-ஷர்ட், அதற்கு மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஃப்ளீஸ் (கம்பளி மாதிரி மெத்தென்ற மேலுடுப்பு), எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வரலாம். காது மூடும் தொப்பி ஒன்று, மாமியாருக்குக் கையுறையும். ஃப்ளீஸைப் புதிதாக வாங்காதீர்கள், பழைய துணி விற்கிற பண்டல் கடையில் பத்துப் பதினைந்து வெள்ளிக்கே நல்லதாகக் கிடைக்கும். ஜிப் ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். ஒரு ஜீன்ஸ் மட்டுமே முக்கால் கிலோ கனக்கும், துவைத்தால் மறுநாள் காலையிலும் இடுப்புப் பட்டை ஈரமாக இருக்கும்.

காட்டுக்குருவி:
காக்கி பற்றி. வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது சிங்கத்துக்கு உங்கள் சட்டை பொருட்டே இல்லை, அது வண்டியை ஒரே உருவமாகத்தான் பார்க்கிறது. இறங்கி நடந்தால்தான் நிறம் கணக்கில் வரும். அப்போதும் சிவப்பைவிட வெள்ளைதான் தொல்லை. பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும், வெள்ளை தூரத்திலிருந்தே எடுத்துக் காட்டும். போதாததற்கு அந்தப் புழுதியில் வெள்ளைச் சட்டை ஒரு மணி நேரம் தாங்காது. சாம்பல், மண் நிறம், மங்கிய பச்சை என்று வீட்டில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சஃபாரி உடுப்பு என்று பெயர் போட்டு விற்பதில் பாதி போட்டோவுக்குத்தான்.

உண்மையில் தவிர்க்க வேண்டியது கருநீலமும் கறுப்பும். செட்சி ஈக்கு இந்த இரண்டு நிறமும் இழுப்பு. அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே நீலத் துணியிலும் கறுப்புத் துணியிலும்தான் தைக்கிறார்கள். செரெங்கெட்டியின் மேற்குப் பக்கத்திலும் மரம் அடர்ந்த இடங்களிலும் அது அதிகம், பகலில் கடிக்கும், ஓடும் வண்டியைத் துரத்திக்கொண்டும் வரும். தூக்க நோயைப் பரப்புவது இதுதான். கொசு மருந்து இதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. மெல்லிய லெக்கிங்ஸ் தோலோடு ஒட்டியிருந்தால் அதன் மேலேயே குத்திவிடும். தோலில் ஒட்டாத, கொஞ்சம் கெட்டியான நெசவுள்ள தொளதொள கால்சட்டைதான் சரி.

மலேரியாக் கொசு வேறு. அது அந்தி சாய்ந்த பிறகு வரும், கணுக்காலைத் தேடிக் கடிக்கும். சாயங்காலம் சாக்ஸ் போட்டு, திறந்த தோலில் மட்டும் டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த மருந்து பூசுங்கள். சன்ஸ்க்ரீன் முதலில், மருந்து அதற்கு மேல். டீட் பட்டால் கைக்கடிகாரம், கறுப்புக் கண்ணாடி இவற்றின் பிளாஸ்டிக் எல்லாம் மங்கிப்போகும், கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். மலேரியா மாத்திரை விஷயத்தையும் மஞ்சள் காய்ச்சல் ஊசியையும் டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். ஊசி போட்டு 10 நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும், கென்யாவிலிருந்து திரும்பும்போது நம்ம நாட்டிலேயே கேட்பார்கள்.

தையல்மெஷின்:
மாமியாருக்கு நான் சொல்கிறேன். லேண்ட் குரூசரின் படி உயரம், உள்ளே இருக்கை மேல் ஏறி நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். சேலை தடுக்குவதைவிட, உள்பாவாடை காலை அகட்ட விடாததுதான் பிரச்சினை. பழைய பாவாடை ஒன்றில் இரண்டு பக்கமும் முழங்கால் வரை தையலைப் பிரித்து, ஓரம் மடித்து அடித்துவிடுங்கள். உள்ளே தொளதொள காட்டன் பேண்ட் போடட்டும், குளிருக்கும் ஆச்சு, பூச்சிக்கும் ஆச்சு. சேலையைக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே கட்டி, கொசுவத்தை இடுப்பிலும் நடுவிலும் பின் குத்துங்கள். கஞ்சி போட்ட காட்டன் வேண்டாம். பூனம் மாதிரி மெல்லிய சேலை மூன்று போதும், ராத்திரி அலசினால் காலையில் காய்ந்திருக்கும். மேலே முன்பக்கம் பட்டன் வைத்த ஸ்வெட்டர். தலை வழியாகப் போடுவது கொண்டையோடு மல்லுக்கட்டும்.

மனம் வந்தால் பஞ்சாபி சூட் இன்னும் சுலபம். துப்பட்டா புழுதிக்கு முகத்தை மூட உதவும்.

கைலி இரண்டு மறக்காதீர்கள். வழியில் புதருக்குப் பின்னால் ஒதுங்க வேண்டி வந்தால் மறைப்பு அதுதான். புழுதிப் பாதையில் கேமராவை அதில் சுற்றி வையுங்கள். உங்களுக்கு இன்னொன்று: குலுங்குகிற சாலை, சாதாரண பிரா தோள்பட்டையை அறுக்கும், ஸ்போர்ட்ஸ் பிரா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

தாப்பா_தேவி:
ரொம்ப நன்றி. அந்த 15 கிலோ பெட்டிக்கு மட்டுமா, கைப்பையும் சேர்த்தா? பிளாஸ்டிக் பை கொண்டுபோகக் கூடாது என்கிறார்களே? மகனிடம் இருப்பது கருநீல டிராக் பேண்டும் ராணுவப் புள்ளி போட்ட கால்சட்டையும்தான்.

மலைப்பாதை:
பெரும்பாலும் கைப்பையும் சேர்த்துத்தான், டிக்கெட்டில் பாருங்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். சாமான் அறை விமானத்தின் வயிற்றில் தாழ்வாக இருக்கிறது, அமுக்கித் திணிக்கிற பைதான் நுழையும். ஆளுக்கு முழுக்கைச் சட்டை 3, டி-ஷர்ட் 3, கால்சட்டை 2, உள்ளாடை 5, ஃப்ளீஸ், ஜாக்கெட்: எல்லாம் சேர்த்து ஐந்தாறு கிலோவுக்குள் அடங்கும். கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் உடுத்திக்கொண்டே ஏறுங்கள். மூடிய ஸ்போர்ட்ஸ் ஷூ ஒன்று, செருப்பு ஒன்று போதும், பூட்ஸ் தேவையில்லை. தொப்பிக்குத் தாடைக் கயிறு இல்லாவிட்டால் எலாஸ்டிக் தைத்துவிடுங்கள், திறந்த கூரையில் பறந்தால் இறங்கி எடுக்க விட மாட்டார்கள்.

கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் கடைப் பிளாஸ்டிக் பைக்குத் தடை. துணிகளைப் பிரித்து வைக்கத் துணிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

துவைப்பது பல கேம்ப்களில் உண்டு, ஆனால் உள்ளாடையைச் சில இடங்களில் வாங்க மாட்டார்கள், கையால் அலச வேண்டும். அதை வெளியே கொடியிலோ புல்லிலோ காயப்போடாதீர்கள். ஆப்பிரிக்காவில் தும்பு ஈ என்று ஒன்று ஈரத் துணியில் முட்டையிடும், புழு பொரித்துத் தோலுக்குள் போய்க் கட்டியாக வரும். கூடாரத்துக்குள்ளேயே காயவையுங்கள். கேம்ப்பில் துவைத்துத் தருவதை இஸ்திரி போட்டுத்தான் தரச் சொல்லுங்கள், முக்கியமாக இடுப்புத் தையலில் சூடு படவேண்டும்.

காட்டுக்குருவி:
டிராக் பேண்ட் தூங்கும்போது போடட்டும், பகலில் வேண்டாம். ராணுவப் புள்ளியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உகாண்டா, ஜாம்பியா, ஜிம்பாப்வே மாதிரி நாடுகளில் பொதுமக்கள் அதை உடுத்துவதே குற்றம். நீங்கள் அந்தப் பக்கம் போகாவிட்டாலும், எல்லையில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது எதற்கு? பண்டல் கடைக்குப் போகும்போது அவனுக்கும் மண் நிறத்தில் இரண்டு கால்சட்டை பார்த்து எடுங்கள்.