ஆயா வீட்டுப் பிள்ளைகள் (வாட்ஸ்அப் குழு)

மஞ்சக்குப்பம் சித்தி: நெட் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மாதம் கொஞ்சம் கூடக் கட்டினால் 300 எம்பிபிஎஸ் வேகம் தருகிறார்களாம், தம்பிக்கு கேம் திக்காது என்கிறார்கள். போட்டுவிடவா?

லாஸ்பேட்டை அக்கா: கொஞ்சம் பொறுங்கள் சித்தி. தம்பி, நேற்று அண்ணனோடு எந்த சர்வரில் ஆடினாய்?

தம்பி: பிராங்க்ஃபர்ட். பிங் 160, 170. சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்துப்போகிறேன் அக்கா.

பாரிஸ் அண்ணன்: எனக்கு 15தான் காட்டியது.

லாஸ்பேட்டை அக்கா: அதுதான் விஷயம். பிங் என்றால் நம் சேதி, கேமை நடத்தும் சர்வர் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பி வரும் நேரம், மில்லி செகண்டில். சித்தி, பிளானை மாற்றினாலும் இது சரியாகாது. ஈசிஆரை எட்டு வழியாக்கினாலும் கடலூருக்கும் சென்னைக்கும் உள்ள தூரம் குறையுமா?

லாஸ்பேட்டை அக்கா: ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஐரோப்பா போய்வர நேர்கோட்டிலேயே 15,000 கி.மீ.க்கு மேல். அதற்கே 75 மில்லி செகண்ட் போய்விடும். கேபிள் நேர்கோட்டிலும் போவதில்லை. 2005-லிருந்து ஓடும் சீ-மீ-வி 4 என்ற கடலடி கேபிள் சென்னை, மும்பையைத் தொட்டு, அரபிக்கடல், செங்கடல், எகிப்து கடந்துதான் பிரான்சின் மார்செய்க்குப் போய்ச் சேர்கிறது. வழியில் சேதியைத் திருப்பிவிடும் ஒவ்வொரு ரவுட்டரும் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

சித்தி: அப்போ அவர்கள் சொன்னது?

லாஸ்பேட்டை அக்கா: டிவியில் படம், சித்தப்பாவின் வீடியோ கால், டவுன்லோட் எல்லாம் சேர்ந்து லைன் நிரம்பினால் பெரிய பிளான் உதவும். உங்களிடம் 100 இருக்கிறதே. இந்த மாதிரி கேம் ஆட 1 எம்பிபிஎஸ்ஸே அதிகம். பணத்தைக் கட்டாதீர்கள்.

தம்பி: ஒளிந்த பிறகும் ஏன் சாகிறேன்?

லாஸ்பேட்டை அக்கா: சுடுகிறவனின் திரையில் நீ எங்கே தெரிந்தாயோ, அந்தக் கணத்துக்கு சர்வர் பின்னால் போய்ப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்லும். நீ ஒளிந்த சேதி பிராங்க்ஃபர்ட் போய்ச் சேரும் வரை அவனுக்கு நீ வெளியில்தான் நிற்கிறாய். நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடும் திரையில் 160 மில்லி செகண்ட் என்றால் கிட்டத்தட்ட 10 பிரேம். கை வேகத்தால் அதை ஈடுகட்ட முடியாது. உன் ஆட்டத்தில் குறையே இல்லைடா.

பாரிஸ் அண்ணன்: அப்படியானால் மும்பைக்கு மாற்றுங்கள். அங்கே நீங்கள் மூன்று பேர், இங்கே நான் ஒருவன்.

தம்பி: அண்ணனுக்கு லேக் ஆகுமே. சிங்கப்பூர் வைத்தால்?

லாஸ்பேட்டை அக்கா: சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகக் கடல் கேபிள் இருக்கிறது, நமக்குப் பரவாயில்லை. அண்ணனுக்குத்தான் இன்னும் தூரம். மும்பைதான் நியாயம். ஆனால் தம்பி, அண்ணனை மூலையில் காவல் நிற்க வைக்காதே. பாய்ந்து வருகிறவனைக் காத்து நிற்கிறவர் தாமதமாகத்தான் பார்ப்பார். அவர் முன்னால் போகட்டும், நீ பின்னால் நில்.

பாரிஸ் அண்ணன்: சரி. குட்டிகள் வந்தால் செஸ் போடலாம், அதற்கு எந்த சர்வரானாலும் ஒன்றுதான்.

சித்தப்பா: ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. இவன் மாடியில் உட்கார்ந்து ஆடுகிறான். அது பாதிக்குமா?

லாஸ்பேட்டை அக்கா: நன்றாகவே பாதிக்கும் சித்தப்பா. வைஃபையில் பிங் ஒரு நிலையில் நிற்காது, திடீரென்று எகிறும். எப்போதும் 40 இருந்தால் பழகிவிடலாம், 30-க்கும் 90-க்கும் குதித்தால் ஆடவே முடியாது. மாடிப்படி ஓரமாக ஒரு லேன் வயர் இழுத்துவிடுங்கள்.

சித்தப்பா: எத்தனை மீட்டர் வாங்க?

லாஸ்பேட்டை அக்கா: கயிறு வைத்து அளந்துவிட்டு 2 மீட்டர் கூட்டி வாங்குங்கள். கேட் 6 வகை வயர் கேளுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், நம் வீட்டுக்குத் தாராளம்.

பாரிஸ் அண்ணன்: ஞாயிறு அங்கே இரவு 9 மணி. மும்பை சர்வர்.

சித்தி: சாப்பிட்டுவிட்டுத்தான் உட்காரணும். 300 வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.